மேட்டில் நின்று மூச்சு வாங்கும்போது: இதயத் தமனி நோய் குறித்து வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

சென்ற இதழில் ரத்த அழுத்தம் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, நீலகிரியின் பல ஊர்களிலிருந்து இதயத்தைப் பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே ஐயம் வெவ்வேறு சொற்களில் வந்திருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் தந்துள்ளேன்.

என் அப்பாவுக்கு 61 வயது. பிறந்தது முதல் மேடு ஏறி இறங்கியவர்; ஒல்லியான உடம்பு; சர்க்கரையும் இல்லை. பீடி மட்டும் உண்டு, அதுவும் நாளைக்கு ஆறேழுதான். சென்ற மாதம் மாரடைப்பு வந்து பிழைத்தார். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான் முகாம் ஒன்றில் ஈ.சி.ஜி. எடுத்து ‘நார்மல்’ என்றார்கள். உழைக்கிற உடம்புக்கு இது எப்படி வந்தது? ஈ.சி.ஜி. பொய் சொன்னதா? (வாசகி, கோத்தகிரி)

ஈ.சி.ஜி. பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரியாத ஒன்றை நாம்தான் அதனிடம் கேட்டுவிட்டோம். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கப்படும் ஈ.சி.ஜி., அந்தச் சில வினாடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதைப் பதிவு செய்கிறதே தவிர, ரத்தக் குழாயின் சுவருக்குள் இருபது முப்பது ஆண்டுகளாக என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டாது.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதன் அறைகள் எப்போதும் ரத்தத்தால் நிறைந்திருந்தாலும், தன் தசைக்கு வேண்டியதை அது அங்கிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. பந்தி முழுவதற்கும் பரிமாறுகிறவருக்குத் தனியாக ஓர் இலை போட்டால்தான் சாப்பாடு என்பது போல, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயான மகாதமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு கரோனரி தமனிகள் வழியாகத்தான் இதயத் தசைக்கு உணவும் பிராணவாயுவும் போய்ச் சேருகின்றன. இவற்றின் உள்விட்டம் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். உடலின் மற்ற தசைகள் அவசரம் வந்தால் ரத்தத்திலிருந்து கூடுதல் பிராணவாயுவைப் பிரித்தெடுத்துச் சமாளிக்கும். இதயத் தசையோ ஓய்வு நிலையிலேயே வருகிற பிராணவாயுவில் ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. ஆகவே வேலை கூடும்போது அதற்கு வேறு வழியில்லை. ரத்தம்தான் கூடுதலாக வந்தாக வேண்டும். குறுகிய குழாயால் தர முடியாதது இதைத்தான்.

குழாய் ஏன் குறுகுகிறது? தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவது போல என்று நாங்களே நோயாளிகளிடம் சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதிதான் சரி. கொழுப்பு குழாயின் உள்ளே மேலாகப் படிவதில்லை, சுவருக்குள் புகுகிறது. ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். என்ற கொழுப்புத் துகள்கள் தமனியின் உள்தோலைக் கடந்து சுவருக்குள் தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள், விழுங்கி விழுங்கி, நுரை போல உப்பி, அங்கேயே மடிகின்றன. அந்தக் குவியலின் மேல் உடல் ஒரு நார்ப்போர்வையைப் போர்த்துகிறது. போர்வை தடிப்பாக இருந்தால் அந்தப் படிமம் பல ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். மெல்லியதாக இருந்தால், பழுத்த கட்டியைப் போல ஒரு நாள் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாயை முழுவதுமாக மூடிவிடுவதுதான் பெரும்பாலான மாரடைப்புகளில் நடப்பது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு தமனி ஏறத்தாழ 70 சதவீதம் குறுகிய பிறகுதான் நடக்கும்போதும் ஏறும்போதும் வலி தெரியத் தொடங்கும். ஆனால் கிழிந்து மாரடைப்பை உண்டாக்கும் படிமம் அதைவிடக் குறைவாக, பாதி அளவுகூடக் குறுக்காததாக இருக்கலாம். முந்தின நாள் வரை மேடு ஏறியவருக்கு மறுநாள் காலை மாரடைப்பு வருவது இதனால்தான். உங்கள் தந்தையாருக்கும் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உழைப்பு காப்பாற்றாதா என்றால், காப்பாற்றுகிறது. ஆனால் மற்றவற்றின் கணக்கை அது தீர்த்துவிடுவதில்லை. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆண்களிடம் 90 சதவீதத்தையும் பெண்களிடம் 94 சதவீதத்தையும் ஒன்பது காரணிகளைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று காட்டியது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, மது சார்ந்த பழக்கம், உடலுழைப்பு இன்மை ஆகியவையே அவை. உங்கள் தந்தையார் இவற்றில் கடைசி ஒன்றில் முழு மதிப்பெண் வாங்கினார். முதல் ஒன்றில் தோற்றார். பீடியில் ‘ஆறேழுதான்’ என்ற அளவு இல்லை. நாளைக்கு ஒன்றிரண்டு பிடிப்பவருக்கும் ஆபத்து கணிசமாகக் கூடுகிறது. அளவைக் குறைத்தால் அதே விகிதத்தில் ஆபத்து குறைந்துவிடுவதில்லை. விட்டுவிட்டால் பலன் உண்டு: ஓராண்டுக்குள் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. 61 வயதில் விட்டாலும் பயன் உண்டு என்பதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் பிள்ளைகளை விட்டுச் சொல்லச் சொன்னால் கேட்பார்.

இந்த நோய் முதுமையில் தொடங்குவதும் அல்ல. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், சராசரி 22 வயதுள்ள அந்த இளைஞர்களில் 77 சதவீதம் பேரின் தமனிகளில் நோயின் தடயங்களைக் கண்டதாக 1953-இல் எழுதினார்கள். நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் இந்த மாதமே ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 54 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இரண்டு மாதமாக, மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு ஏறும்போது பாதி மேட்டில் கீழ்த்தாடையும் இடது தோளும் இழுத்துப் பிடிக்கின்றன. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. நெஞ்சு வலி கிடையாது. வாயு என்று பூண்டும் ஓமமும் எடுத்துக்கொள்கிறேன். இதற்கு நல்ல மருந்து ஒன்று எழுதுங்கள். (வாசகி, குன்னூர்)

அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்; மறுநாள் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது வாயுவாக இருக்க முடியாது என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஏறினால் வருவதும் நின்றால் போவதும் வாயுவின் குணம் அல்ல. வாயுவுக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. உழைப்பில் வந்து ஓய்வில் விலகும் எந்த வலியும், அது தாடையில் இருந்தாலும் தோளில் இருந்தாலும் முதுகில் இருந்தாலும் மேல்வயிற்றில் இருந்தாலும், இதயத்தினுடையது அல்ல என்று தெரியும் வரை இதயத்தினுடையதாகவே கருதப்பட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவம் படித்து முடித்த புதிதில் நான் மலையில் ஒரு சிறிய மருத்துவமனையில் பணியில் இருந்தேன். உங்களைப் போலவே கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, தாடை வலிக்கிறது என்று வந்தார். வெற்றிலையும் புகையிலையும் போட்டுக் கறுத்திருந்த பற்களைப் பார்த்தேன். அவற்றில் ஒன்று சொத்தையாக இருந்தது. வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தபோதும் அதையே செய்தேன். மூன்றாம் முறை, மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, ‘மூட்டையை இறக்கி வைத்தால் பல்வலி நின்றுவிடுகிறதே, அது ஏன் சாமி?’ என்று கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் என்னிடம் கேட்டார். அன்று எடுத்த ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தது. உடனே கோவைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். அந்த மூன்று வாரங்கள் என் கணக்கில்தான் இன்னும் இருக்கின்றன.

பெண்களுக்கு மாரடைப்பு வராது என்ற நம்பிக்கைக்கு ஒரு சிறு அடிப்படை உண்டு. மாதவிடாய் நிற்கும் வரை ஆண்களைவிட அவர்களுக்கு ஆபத்து குறைவு. நின்ற பிறகு அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்த பெண்களுக்குப் பின்னாளில் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அப்படி ஏதாவது இருந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பெண்களுக்கும் நெஞ்சு வலி வருவது உண்டு என்றாலும், மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு, குமட்டல், முதுகு வலி ஆகியவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, வலியே இல்லாமலும் மாரடைப்பு வந்து போகும். விறகடுப்புப் புகையும் இதயத்துக்கு ஆகாதது. வாயில் அடக்கும் புகையிலையும் புகையிலைதான்.

சமவெளியில் இருக்கும் ஒருவருக்கு இதய நோய் இருக்கிறதா என்று அறிய நாங்கள் அவரை ட்ரெட்மில் எந்திரத்தில் ஏற்றி, சில நிமிடங்களுக்கு ஒரு முறை சரிவையும் வேகத்தையும் கூட்டிப் பார்க்கிறோம். மலைக்காரர்களுக்கு அந்தச் சோதனை காசில்லாமல் தினமும் வாசற்படியிலேயே நடக்கிறது. போன மழைக்காலத்தில் பேசிக்கொண்டே ஏறிய மேட்டில் இப்போது இரண்டு முறை நிற்க வேண்டியிருக்கிறது என்றால், வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அதைக் கடந்துவிடக் கூடாது. குறிப்பாக, சாப்பிட்ட உடனோ பனிக்காலக் காலையிலோ அதே மேடு கூடுதலாகக் கனத்தால் அது வலுவான அடையாளம். நீங்கள், அம்மா, மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை மூட்டை தூக்க வேண்டாம்.

வயது 34. உதகையில் சுற்றுலா வாகனம் ஓட்டுகிறேன். அப்பா 48 வயதில் மாரடைப்பில் இறந்தார். எனக்கு இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. என்னென்ன பார்க்க வேண்டும்? (வாசகர், உதகை)

தொந்தரவு வருவதற்கு முன்பே கேட்டதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்போ, தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்போ இந்த நோய் வந்திருந்தால் அதைக் குடும்ப வரலாறாக எடுத்துக்கொள்கிறோம். உங்கள் தந்தையாரின் வயது அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 என்றும், மற்றவர்களைவிட அது ஏறத்தாழ 6 ஆண்டு முந்தி வருகிறது என்றும் நான் மேலே சொன்ன இன்டர்ஹார்ட் தரவுகளே காட்டின. ஆகவே, 40 ஆகட்டும் பார்க்கலாம் என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ரத்தக் கொழுப்புச் சோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்காதீர்கள், எல்.டி.எல். என்ற வரியைத் தேடுங்கள். பொதுவாக அது 100 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 190-ஐத் தாண்டினால் பரம்பரையாக வரும் கொழுப்புக் கோளாறா என்று ஆராய வேண்டும். அது உள்ளவர்களுக்குப் பிறந்தது முதலே எல்.டி.எல். மிகுந்திருப்பதால், உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, மருந்து வேண்டும். தமனிச் சுவரில் சேரும் கொழுப்பின் அளவைத் தீர்மானிப்பது இன்றைய எண் மட்டுமல்ல, அந்த எண்ணோடு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தோம் என்பதும்தான். வட்டிக்கு வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. இதனுடன், எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளை அளக்கும் லைப்போபுரோட்டீன் ஏ என்ற சோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்துகொள்ளுங்கள்; அது பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவதால் திரும்பத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை, கூடியிருந்தால் மற்ற காரணிகளில் கண்டிப்பைக் கூட்ட வேண்டும் என்று பொருள். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி போதும்.

எடைக் கருவியைவிட அளவு நாடாவை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. கையும் காலும் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வருவது நம் மக்களின் உடல்வாகு. உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்புதான் சர்க்கரையையும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் கூட்டி, நல்ல கொழுப்பான எச்.டி.எல்.-ஐக் குறைக்கிறது. வாகனம் ஓட்டுபவர் மலையில் வாழ்ந்தாலும் மலை ஏறுவதில்லை. தொட்டபெட்டாவுக்கு நாளைக்கு மூன்று நடை போய் வந்தாலும் ஏறியது வண்டியே தவிர நீங்கள் இல்லை. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். புகைப் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதுதான் முதலில் போக வேண்டியது.

50 வயதைக் கடந்தவர்கள் எல்லாரும் தினமும் ஓர் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் மாரடைப்பு வராது என்கிறார்களே? (வாசகர், மஞ்சூர்)

வேண்டாம். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுப்பது. ஏற்கெனவே மாரடைப்போ ஸ்டென்டோ (குறுகிய தமனியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) பைபாஸோ (அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கும் அறுவை சிகிச்சை) கண்டவர்களுக்கு அது அவசியம். நோய் இல்லாதவர்கள் தாமாகப் போட்டுக்கொண்டால், கிடைக்கும் சிறு பலனை வயிற்றிலும் மூளையிலும் ஏற்படக்கூடிய ரத்தக் கசிவு ஏறத்தாழ விழுங்கிவிடுகிறது என்பதை 2018-இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள் காட்டின.

காலையும் மாலையும் டீயும் வர்க்கியும் இல்லாமல் எங்கள் வீட்டில் பொழுது போகாது. இதயத்துக்கு டீ கெடுதலா? எந்த எண்ணெய் நல்லது? (வாசகி, குன்னூர்)

டீ குற்றவாளி அல்ல. தேயிலைக்கு இதயத்தைக் கெடுக்கும் குணம் எதுவும் இல்லை. அதோடு கூட வருபவர்கள்தான் பிரச்சினை. குளிருக்கு நாளைக்கு ஆறு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் டீயிலேயே ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. இனிப்பாகச் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரையைப் படிப்படியாக, வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு முரண்டு பிடிக்காது.

வர்க்கியைப் பற்றி எழுதக் கை வரவில்லை. விறகடுப்பில் சுட்டு எடுத்த சூட்டோடு, பிட்டால் ஏடு ஏடாக உதிரும் வர்க்கியை டீயில் நனைத்துத் தின்று வளர்ந்தவன்தான் நானும். ஆனால் அந்த ஏடுகளைப் பிரித்து வைப்பது மைதாவுக்கு நடுவே பூசப்படும் கொழுப்பு. அது பெரும்பாலும் வனஸ்பதி. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி இறுகவைக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட எல்.டி.எல்.-ஐக் கூட்டி, நல்ல எச்.டி.எல்.-ஐக் குறைக்கும் இரட்டைக் கேடு செய்வது. 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. இது நல்ல சட்டம். ஆனாலும் டிரான்ஸ் போன இடத்தில், அதுவும் எல்.டி.எல்.-ஐக் கூட்டுவதான நிறைவுற்ற கொழுப்பு வந்து உட்காருகிறது. மைதாவும் சர்க்கரையும் அப்படியேதான் இருக்கின்றன. தினமும் இரண்டு வேளை என்பதை விருந்தாளி வந்த நாளுக்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற நாட்களுக்கு ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ அவித்த பயறோ டீக்குத் துணையாக இருக்கட்டும்.

எண்ணெயில் ‘இதயத்துக்கு நல்லது’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை வைத்து எதையும் வாங்க வேண்டாம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ரேஷன் பாமாயிலில் அது ஏறத்தாழ பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் மிகக் குறைவு. முதல் இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் தாளிப்போடு நிறுத்திக்கொண்டு, பொரிப்பதைக் குறைப்பதுதான் வழி. பொரித்த எண்ணெயை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். நீலகிரியில் இருந்துகொண்டு காய் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது; கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், நூல்கோல் எல்லாம் லாரி ஏறி மேட்டுப்பாளையத்துக்குப் போகும்போது, விளைவித்தவர் வீட்டுத் தட்டில் உருளைக்கிழங்கும் ஊறுகாயும் மட்டும் இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாயும் கருவாடும் அந்தக் கணக்கில் சேரும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். வேகமாக நடந்தால் மட்டும் இலேசாக நெஞ்சு இறுக்கம் வந்தது. ஆஞ்சியோகிராமில் ஒரு குழாயில் 60 சதவீத அடைப்பு என்றார்கள். ஒரு மருத்துவர் ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார். மற்றொருவர் மாத்திரை போதும் என்கிறார். யாரை நம்புவது? (வாசகர், உதகை)

உங்கள் படங்களைப் பார்க்காமல் இருவரில் ஒருவரைப் பொய்யாக்குவது எனக்கு முறையாகாது. ஆனால் இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளைத் தர முடியும். 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதல் முறையாகப் பலூன் கொண்டு இதயத் தமனியை விரித்த நாள் முதல், அடைப்பைக் கண்டால் திறந்துவிட வேண்டும் என்பது எங்கள் துறையினரின் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அது உயிர் காக்கும் செயல். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. உழைப்பில் மட்டும் வலி வந்து, நிலையாக இருக்கும் நோயில் கதை வேறு. 5,179 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், மருந்தோடு தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் செய்தவர்களுக்கும் இடையே இறப்பிலோ மாரடைப்பிலோ மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நெஞ்சு வலி குறைவதில் மட்டும் ஸ்டென்ட் முந்தியது.

காரணம் நீங்கள் முதல் விடையிலேயே படித்ததுதான். ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறக்கிறது. நோயோ தமனியின் நெடுக இருக்கிறது. எல்.டி.எல்.-ஐ 70-க்கும் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே கொண்டுவரும் ஸ்டாட்டின் மருந்து, நாளைக்குக் கிழியக்கூடிய படிமங்களின் போர்வையைத் தடிப்பாக்குகிறது. ஆகவே கேளுங்கள்: அடைப்பு இடது முதன்மைத் தமனியிலா? (அப்படியென்றால் இந்த ஆய்வு உங்களுக்குப் பொருந்தாது.) அழுத்தக் கம்பி கொண்டு ரத்த ஓட்டத்தை அளந்தார்களா, மதிப்பு 0.80-க்குக் கீழா மேலா? (கீழே என்றால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள்.) இதயம் சுருங்கும் வலிமை எக்கோ ஸ்கேனில் சரியாக இருக்கிறதா? மருந்துகளை முழு அளவில் மூன்று மாதம் எடுத்த பிறகும் வலி வாழ்க்கையை முடக்குகிறதா? கண்ணால் பார்த்துச் சொல்லும் 60 சதவீதம் ஒரு மதிப்பீடுதான். அதே படத்தை இரண்டு பேர் பார்த்தால் பத்து இருபது கூடக் குறையச் சொல்வார்கள்.

ஸ்டென்ட் வைப்பது என்று முடிவானால், உறைவு தடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் மருத்துவர் சொன்ன நாள் வரை ஒரு நாளும் விடக் கூடாது. பல் பிடுங்குவதற்காக அவற்றைத் தாமே நிறுத்தி ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தஞ்சாவூரில் இருக்கும் மாமனாருக்கு இரண்டு ஸ்டென்ட் உண்டு. டிசம்பரில் எங்களோடு தங்க அழைக்கலாமா? (வாசகி, உதகை)

நோய் நிலையாக இருந்து, மாரடைப்போ ஸ்டென்டோ நடந்து சில மாதங்கள் கடந்து, சமவெளியில் இரண்டு மாடி சிரமமின்றி ஏறுபவர் என்றால், தம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரலாம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு வரை குறைவு. முதல் இரண்டு நாள் வீட்டிலேயே இருக்கட்டும். உயரத்தைவிட நான் அஞ்சுவது உறைபனிக் காலைகளை. குளிர் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. கரோனரி தமனிகளும் சுருங்கக்கூடும். காலை ஆறு மணி நடைப்பயிற்சியை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காதையும் தலையையும் மூடிக்கொள்வதோடு கம்பளித் துண்டால் வாயையும் மூக்கையும் மூடட்டும்.

நாங்கள் பந்தலூர்ப் பக்கம். இரவு பத்து மணிக்கு மேல் சாலையில் யானை நிற்கும். இங்கே நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் நேராகக் கோயம்புத்தூருக்கே வண்டி எடுப்பதுதானே நல்லது? (வாசகர், பந்தலூர்)

அது மிகவும் பரவலான தவறு. ரத்த ஓட்டம் நின்ற இதயத் தசை அரை மணி நேரத்துக்குள்ளேயே மடியத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். பந்தலூரிலிருந்து கோவை போய்ச் சேர நான்கைந்து மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதையும் ஜீப்பின் பின்னிருக்கையில் மருந்தின்றிக் கழிப்பது தசையைச் சாகவிடுவதாகும். முதலில் போக வேண்டியது ஈ.சி.ஜி. எடுத்து, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு. அந்த ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஏற்ற முறை. சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் இப்படிச் சங்கிலியாக இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டில் செய்து பார்த்து, அதன் பலனை 2017-இல் ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் 2023 முதல், மாரடைப்பு என்று ஐயம் வந்தவுடன் கொடுப்பதற்கான, ரத்த உறைவைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளும், ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளும் வைக்கப்பட்டிருக்கின்றன.

நெஞ்சின் நடுவில் அழுத்தமோ எரிச்சலோ வந்து 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், வியர்வையோ குமட்டலோ சேர்ந்தால் அதற்கும் முன்பே, 108-ஐ அழையுங்கள். சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாரடைப்பிலும் ஏப்பம் வரும். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை விழுங்காமல் மென்று தின்னலாம். நாக்கடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், உட்கார்ந்த நிலையில் வையுங்கள். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி வைத்து ரத்த அழுத்தம் சரிந்து விழுந்தவர்கள் உண்டு. நோயாளி நடந்து சாலைக்கு வரக் கூடாது. வண்டி ஏறாத பாதையானால் நாற்காலியில் வைத்துத் தூக்குங்கள். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள்; கை ஓய்ந்தால் அடுத்தவரிடம் மாற்றுங்கள்.

இதையெல்லாம் பகலிலேயே முடிவு செய்து வையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், எங்கே அந்த ஊசி இருப்பில் இருக்கிறது, எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் போவது உங்களுக்கு விரைவா என்பதை ஒரு முறை நேரில் போய்க் கேட்டு, தொலைபேசி எண்ணோடு ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால் அவர் எடுக்கும் மாத்திரைகளின் பெயரும், பழைய ஈ.சி.ஜி. ஒன்றின் நகலும் அதனோடு இருக்கட்டும். கோத்தகிரி வாசகி பயனில்லை என்று நினைத்த அந்த ‘நார்மல்’ ஈ.சி.ஜி. உண்மையில் பயன்படும் இடம் இதுதான்: நள்ளிரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் புதிய தாளைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த மாற்றம் இன்று வந்தது, எது முன்பே இருந்தது என்பது அவருக்கு விரைவில் விளங்கிவிடும்.